கிருபளானி கேட்டதும் கேட்காமல் விட்டதும்: 1962க்கு முந்தைய ஒரு பாதுகாப்பு விவாதம்

1961 ஏப்ரல் 11 அன்று மக்களவையில் பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்தில் இருந்தது. ஆண்டுதோறும் நடக்கிற சடங்குதான். உறுப்பினர்கள் தங்கள் தொகுதியில் ஒரு கன்டோன்மென்ட் இருந்தால் அதைப் பற்றிப் பேசுவார்கள், ஜவான்களை வாழ்த்துவார்கள், அமைச்சர் நன்றி சொல்வார், பணம் நிறைவேறும். அந்த ஆண்டு ஆச்சார்ய ஜே. பி. கிருபளானி எழுந்தார். வயது 72. எதிரே பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன்.

கிருபளானி அன்று வைத்தது ஒரு குற்றப்பத்திரிகை. பட்டினி கிடக்கும் ஏழை நாட்டின் பணத்தை மேனன் விரயம் செய்கிறார் என்றார். ராணுவத்துக்குள் கோஷ்டிகளை உண்டாக்கிவிட்டார், மூத்தவர்களைத் தாண்டித் தனக்குப் பிடித்தவர்களை மேலே ஏற்றுகிறார், அதனால் படையின் மனவுறுதி குலைந்துவிட்டது என்றார். சர்வாதிகார ஆட்சிகளுக்கு மேனன் துணை போகிறார் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, 12,000 சதுர மைல் மண்ணை ஓர் அடிகூடத் திருப்பி அடிக்காமல் இழந்தது இந்த அமைச்சரின் காலத்தில்தான் என்றார். ஆளுங்கட்சி வரிசையிலும் அதை ரசித்தவர்கள் இருந்தார்கள். மேனனைப் பிடிக்காத காங்கிரஸ்காரர்கள் அன்றைக்குக் குறைவில்லை.

பதினெட்டு மாதம் கழித்து, 1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை வடகிழக்கு எல்லையின் நம்கா சூ ஆற்றங்கரையிலும் லடாக்கிலும் ஒரே நேரத்தில் பாய்ந்தது. ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. அரசுக் கணக்கில் 1,383 பேர் இறந்தார்கள், 1,696 பேர் காணாமல் போனார்கள், 3,968 பேர் சிறைப்பட்டார்கள். அதன் பிறகு நம் அரசியல் நினைவில் ஒரு சுருக்கக் கதை தங்கிவிட்டது: கிருபளானி எச்சரித்தார், நேரு கேட்கவில்லை, நாடு தோற்றது.

அந்தக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. விட்டுப்போன மறுபாதிக்காகவே இந்த நிகழ்வை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். கிருபளானி ஆளைச் சரியாகக் குறிவைத்தார். ஆனால் படை போருக்குத் தயாரா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை அன்றைய எதிர்க்கட்சிகள் சேர்ந்து நின்று விடாப்பிடியாகக் கேட்கவே இல்லை. போதாததற்கு, படையால் தாங்க முடியாத ஒரு கொள்கையை நோக்கி அரசைத் தள்ளியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இரு மனிதர்கள்

கிருபளானி சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் பிறந்தவர். பிகாரின் முசாபர்பூரில் பேராசிரியராக இருந்தபோது, 1917இல் சம்பாரண் போகும் வழியில் வந்த காந்தியை வரவேற்றுத் தங்கவைத்தவர். பிறகு குஜராத் வித்யாபீடத்தின் தலைவராக இருந்ததால் 'ஆச்சார்ய' என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது. இந்தியா விடுதலை பெற்ற நாளில் காங்கிரஸ் கட்சியின் தலைவர் அவர்தான். 1951இல் கட்சியை விட்டு வெளியேறினார். மனைவி சுசேதா கிருபளானியோ காங்கிரஸுக்குத் திரும்பி, கணவர் மேனனைத் தாக்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில் உத்தரப் பிரதேச காங்கிரஸ் அமைச்சரவையில் இருந்தார். இந்த மனிதரைக் கட்சிக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் புரியாது.

மேனனோ தன் லண்டன் நாட்களிலிருந்தே நேருவின் நண்பர். விடுதலைக்குப் பின் அங்கே தூதராக இருந்தபோது காஷ்மீர் போருக்காக வாங்கிய ஜீப்புகளின் விவகாரம் அவர் பெயரை விட்டுப் போகவே இல்லை. முன்பணம் கொடுத்து வாங்கியவற்றில் வந்து சேர்ந்தவை 155, அவையும் ஓட்டத் தகுதியற்றவை என்பது புகார். 1955இல் அரசு அந்தக் கோப்பை மூடியது. 1956இல் மேனன் மத்திய அமைச்சர், 1957இல் பாதுகாப்பு அமைச்சர். அந்த வரிசையைப் பார்த்தவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கோபமே பின்னால் ஒரு தடையாகவும் ஆனது. மேனன் எதைச் செய்தாலும் அதில் ஜீப்பைத் தேடும் பழக்கம் வந்துவிட்டது.

1959: எல்லாம் வெளியே வந்த ஆண்டு

ஆகஸ்ட் 25 அன்று நேஃபாவில், அதாவது இன்றைய அருணாசலப் பிரதேசத்தில், லோங்ஜுவில் துப்பாக்கிச் சூடு. மூன்று நாள் கழித்து, லடாக்கின் அக்சாய் சின் வழியாகச் சீனா சாலையே போட்டுவிட்டது என்பதை நேரு நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்தச் சாலை 1957லேயே முடிந்துவிட்டதாகச் சீனப் பத்திரிகைகள் எழுதியிருந்தன. நாடாளுமன்றம்தான் கடைசியில் தெரிந்துகொண்டது. அக்டோபர் 21 அன்று லடாக்கின் கொங்கா கணவாயில் இந்தியக் காவலர்கள் கொல்லப்பட்டார்கள்.

இதற்கு நடுவில் ஆகஸ்ட் 31 அன்று தலைமைத் தளபதி கே. எஸ். திம்மையா பதவி விலகல் கடிதம் கொடுத்தார். மேனனோடு ஒத்துப்போக முடியவில்லை என்பதே சாரம். நேரு கூப்பிட்டுப் பேசி, கடிதத்தைத் திரும்பப் பெறச் செய்தார். செய்தி கசிந்தது. செப்டம்பர் 2 அன்று நாடாளுமன்றத்தில் நேரு மேனனைத் தாங்கிப் பேசினார். தளபதி அவசரப்பட்டுவிட்டார் என்கிற தொனி அதில் இருந்தது. கடிதத்தைத் திரும்பப் பெற்ற திம்மையாவுக்கு அதன்பின் பேச வழி இல்லை. 1961 மே மாதம் ஓய்வு பெறும்வரை அப்படியே இருந்தார்.

எதிர்க்கட்சிகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய துருப்பு அது. ஒரு தலைமைத் தளபதி பதவியைத் தூக்கி எறிய முனைகிறார் என்றால் உள்ளே என்ன நடக்கிறது? எல்லையில் என்ன குறை? அந்தக் கேள்விகள் எழத்தான் செய்தன. ஆனால் விவாதம் சீக்கிரமே தளபதிக்கும் அமைச்சருக்கும் இடையிலான மனஸ்தாபம், பதவி உயர்வுச் சண்டை, ராணுவம் சிவில் அரசுக்குக் கட்டுப்பட வேண்டாமா என்கிற தத்துவம் என்று கிளை பிரிந்தது. பக்கத்தில் பாகிஸ்தானில் அயூப் கான் ஆட்சியைப் பிடித்து ஓராண்டுகூட ஆகாத நேரம். தளபதியின் பக்கம் அளவுக்கு மீறிச் சாய எந்தக் கட்சிக்கும் தயக்கம் இருந்தது, அது நியாயமான தயக்கமும்கூட.

பின்னர் பி. எம். கௌல் மேலே வந்த விதம் கிருபளானியின் பேச்சுக்கு நேரடி எரிபொருள். களத்தில் படையை நடத்திய அனுபவம் குறைந்தவர் என்று பேசப்பட்ட கௌல், 1959இல் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார், 1961இல் தலைமைப் பணியகத்தின் தலைவர் ஆனார். திம்மையாவுக்குப் பின் எஸ். பி. பி. தோரட் வருவார் என்று பலரும் எதிர்பார்த்த இடத்துக்கு பி. என். தாப்பர் வந்தார். கோஷ்டி என்று கிருபளானி சொன்னதை வெறும் வசை என்று ஒதுக்க முடியாது. 1962 அக்டோபரில் தேஜ்பூரில் புதிதாக உருவாக்கப்பட்ட நான்காவது கோர் படையின் தளபதியாக அனுப்பப்பட்டவர் இதே கௌல். அவர் உடல்நலம் குன்றி தில்லி திரும்பிப் படுத்துக்கொண்டே தொலைபேசியில் உத்தரவு கொடுத்தது வரலாறு. இந்த ஒரு விஷயத்தில் கிருபளானி சொன்னது அப்படியே நடந்தது.

பணம் பற்றி யார் என்ன சொன்னார்கள்

சுருக்கக் கதை இங்கேதான் சிக்கலில் மாட்டுகிறது.

1962க்கு முன் இந்தியா பாதுகாப்புக்குச் செலவிட்டது நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ 2 சதவீதம். இதைக் கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் வரிந்துகட்டி நின்றிருந்தால் 'எச்சரித்தார், கேட்கவில்லை' என்பது முழு உண்மையாக இருந்திருக்கும். ஆனால் ஐம்பதுகளின் பிற்பகுதியில் இதே கிருபளானி இதே மக்களவையில், ராணுவச் செலவு ஏறிக்கொண்டே போகிறது, காந்தியின் வழி வந்தவர்கள் இதைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியிருக்கிறார். காந்தியவாதிக்கு அது இயல்பான நிலைப்பாடு. 1961இல் ஏழை நாட்டின் பணம் விரயமாகிறது என்று அவர் சொன்னதிலும் அந்தப் பழைய குரலின் எதிரொலி இருக்கிறது. அமைச்சர் படையைப் பலவீனமாக வைத்திருக்கிறார், அமைச்சர் படைக்காகப் பணத்தை வாரி இறைக்கிறார் என்ற இரண்டு குற்றச்சாட்டுகளும் ஒரே உரையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றோடொன்று மோதுவதைக் கேட்டவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

எதிர்ப்பக்கம் பார்த்தால், பணம் கேட்டவர் மேனன், மறுத்தவர் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். 1957 முதலே அந்நியச் செலாவணி வறண்டுபோயிருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் உருக்காலைகளுக்கே டாலர் தேடி அலைந்த காலம். ராணுவம் புதிய துப்பாக்கி இறக்குமதி செய்யக் கேட்டால் நிதித் துறை கையை விரிக்கும். மேனனும் தேசாயும் அமைச்சரவைக்குள் ஒருவரை ஒருவர் சகிக்காதவர்கள் என்பது வேறு. ஆக, 'பணம் ஏன் போதவில்லை' என்று கேட்க வேண்டிய இடம் நிதியமைச்சரின் இருக்கை. எதிர்க்கட்சிகள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேனனை வெறுத்த வலதுசாரிகள் பலருக்குத் தேசாய் நம்பிக்கை நட்சத்திரம். அவரை ஏன் சங்கடப்படுத்த வேண்டும்?

மேனன் செய்தது என்ன? இறக்குமதியைக் குறைத்து உள்நாட்டிலேயே செய்வோம் என்றார். ஜபல்பூரில் சக்திமான் லாரி, கான்பூரில் ஆவ்ரோ விமானம், பெங்களூரில் மாருத் போர் விமானம். நம் ஊர் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக்கு அடித்தளம் விழுந்ததும் 1961இல்தான். அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965இல் வெளியே வந்தது. திட்டம் தவறில்லை, பத்து ஆண்டுகளில் பலன் தரக்கூடியது. ஆனால் எல்லையில் பத்து ஆண்டு அவகாசம் இல்லை. ஒரு தொழிற்சாலை எழும்பும்வரை எந்தக் குறையைத் தற்காலிக இறக்குமதியால் அடைப்பது என்பதை மேனன் சிந்தித்ததாகத் தெரியவில்லை. படைவீரன் கையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து .303 துப்பாக்கியே தொடர்ந்தது.

எதிர்க்கட்சிகளும் பத்திரிகைகளும் இந்தத் திட்டத்தில் பிடித்துக்கொண்டது எதை? ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளில் காபி போடும் எந்திரமும் பிரஷர் குக்கரும் செய்கிறார்கள் என்பதை. கேலிக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. சும்மா கிடக்கும் எந்திரத் திறனைப் பயன்படுத்துகிறோம் என்றார் மேனன். குக்கரைப் பற்றிய சிரிப்பு அடங்கியபின், துப்பாக்கி ஏன் வரவில்லை என்று கேட்க அவையில் நேரம் மிஞ்சவில்லை.

வட பம்பாய்

1961 டிசம்பரில் கோவா. 36 மணி நேரத்துக்குச் சற்றுமேல் நடந்த நடவடிக்கையில் 451 ஆண்டு போர்த்துக்கீசிய ஆட்சி முடிந்தது. எதிராளி மிகச் சிறியவன். ஆனால் ராணுவம் தயாராக இல்லை என்று சொன்னவர்களின் வாயை அடைக்க அதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டு மாதத்தில் பொதுத்தேர்தல். மேனனின் வட பம்பாய்த் தொகுதியிலேயே போய் நின்றார் கிருபளானி. சுதந்திரா, ஜனசங்கம், பிரஜா சோஷலிஸ்ட் என்று ஒன்றோடொன்று ஒட்டாத கட்சிகள் அவருக்குப் பின்னால் நின்றன. நேரு மேனனுக்காகத் தன் செல்வாக்கை முழுதாக இறக்கினார். திலீப் குமார் உள்ளிட்ட திரையுலகினர் மேனனுக்காகத் தெருவில் இறங்கினார்கள். மேனன் ஏறக்குறைய 1.45 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

ஒரு நாட்டின் படைத் தயார்நிலையைத் தேர்தல் மேடையில் சோதிக்க முடியாது என்பதற்கு இந்தத் தொகுதியை உதாரணம் காட்டலாம். அங்கே கேட்கப்பட்டது மேனன் கம்யூனிஸ்டா, இல்லையா என்பதும், நேருவா, நேருவின் எதிரிகளா என்பதும். வாக்காளர்கள் நேரு என்றார்கள். பாதுகாப்பு அமைச்சர் முன்னிலும் பலசாலியாகத் தில்லி திரும்பினார். எதிர்க்கட்சியின் கூர்மையான குரல் மக்களவைக்கு வெளியே போனது. வாஜ்பாயும் அந்தத் தேர்தலில் பலராம்பூரில் தோற்று மாநிலங்களவை வழியாகத்தான் வந்தார். ஆக, போருக்கு முந்தைய எட்டு மாதம், அரசைக் கேள்வி கேட்க மிகவும் தேவைப்பட்ட எட்டு மாதம், கிருபளானி அவையிலேயே இல்லை.

முன்னே போ என்றவர்கள்

1961 நவம்பர் 2 அன்று நேரு தலைமையில் நடந்த கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். லடாக்கில் முடிந்தவரை முன்னே சென்று ரோந்து போக வேண்டும், புறக்காவல் நிலைகள் அமைக்க வேண்டும். வேறு பகுதிகளில் எல்லைவரை சென்று நிலைகொள்ள வேண்டும். மூன்றாவது அம்சம், இந்த நிலைகளுக்குப் பின்னால், நிலைமை கைமீறினால் மீட்டெடுக்கக்கூடிய இடங்களில், பெரிய படைகளைத் திரட்டி வைக்க வேண்டும். டிசம்பரில் ராணுவத் தலைமையகம் களத் தளபதிகளுக்கு உத்தரவு அனுப்பியபோது அந்த மூன்றாவது அம்சம் காணாமல் போயிருந்தது. 1962 தோல்வியை ஒரே காகிதத்தில் காட்டு என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

அடுத்த பத்து மாதத்தில் லடாக்கிலும் நேஃபாவிலும் சிறு சிறு நிலைகள் முளைத்தன. சில இடங்களில் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். சாலை இல்லை. உணவும் ரவையும் விமானத்திலிருந்து போட வேண்டும். அதில் பாதி பள்ளத்தாக்கில் விழும். மேற்கத்தியக் கட்டளையின் தளபதி தௌலத் சிங் 1962 ஆகஸ்டில் தலைமையகத்துக்கு எழுதினார்: ராணுவ ரீதியில் நாம் மோதலைத் தூண்டும் நிலையில் இல்லை, பலம் சேரும்வரை இந்த நிலைகளை வைத்து விளையாடக் கூடாது என்பது அதன் சாரம். கடிதம் கோப்புக்குள் போனது.

இந்தக் கொள்கையை நேருவின் தலையில் மட்டும் கட்டிவிடுவது சுலபம். ஆனால் 1959 முதல் 1962 வரை நாடாளுமன்ற விவாதங்களின் ஓட்டத்தைப் பாருங்கள். சீனாவுடனான கடிதப் போக்குவரத்தை அரசு வெளியிட்ட ஒவ்வொரு வெள்ளை அறிக்கை வந்தபோதும், சீனாவின் ஒவ்வொரு புது நிலை தெரியவந்தபோதும், எதிர்க்கட்சி வரிசையிலிருந்து வந்த கேள்வி ஒன்றுதான்: ஏன் இன்னும் விரட்டவில்லை? நேரு லடாக்கைப் பற்றி, புல்கூட முளைக்காத இடம் என்று சொன்னதற்குக் காங்கிரஸ் உறுப்பினர் மகாவீர் தியாகி தன் வழுக்கைத் தலையைக் காட்டி, இங்கேயும் ஒன்றும் முளைக்கவில்லை, வெட்டிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. நல்ல பதிலடிதான். ஆனால் அந்த இடத்தைப் பிடித்து வைக்க எத்தனை பட்டாலியன் வேண்டும், எத்தனை மைல் சாலை வேண்டும் என்ற கேள்விக்கு அதில் இடம் இல்லை.

1962 ஜூலையில் கால்வான் பள்ளத்தாக்கில் இந்திய நிலையைச் சீனர்கள் சூழ்ந்து, சுடாமல் நின்றபோது, நம்மவர்கள் உறுதியாக நின்றதால் அவர்கள் பயந்துவிட்டார்கள் என்று தில்லி கொண்டாடியது. அதே மாதம் மேனன் ஜெனீவாவில் சீன வெளியுறவு அமைச்சர் சென் யியைச் சந்தித்தார், தில்லியிலிருந்து பேச்சுவார்த்தைக்கு வாசல் திறக்கிற குறிப்பு ஒன்றும் போனது. ஆகஸ்டில் அவை கூடியதும் எதிர்க்கட்சிகள் அதைச் சரணாகதி என்று பிடித்துக்கொண்டன. நேரு பின்வாங்கினார். பேசவும் கூடாது, அடிக்கவும் பலமில்லை என்ற இடத்துக்கு அரசு தன்னைத்தானே கொண்டுவந்திருந்தது. அந்த இடத்திலிருந்து நகரவிடாமல் பூட்டியது அவையின் சூடு.

செப்டம்பர் 8 அன்று, நம்கா சூ அருகே இருந்த தோலா நிலையைச் சீனர்கள் சூழ்ந்தார்கள். அக்டோபர் 12 அன்று கொழும்பு புறப்பட்ட நேரு, பாலம் விமான நிலையத்தில் பத்திரிகையாளர்களிடம், நம் மண்ணை விடுவிக்கப் படைக்கு உத்தரவிட்டிருப்பதாகச் சொன்னார். அந்தப் படை என்பது நம்கா சூவில் பிரிகேடியர் ஜான் டால்வியின் ஏழாவது பிரிகேட். பருத்தி உடுப்பு, ஆளுக்குச் சொற்ப ரவை, தோளில் தூக்கி வந்த கொஞ்சம் மோட்டார். எட்டு நாளில் அந்தப் பிரிகேட் சிதறியது, டால்வி சிறைப்பட்டார்.

மேனன் போனார், பணம் வந்தது

அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலை. 31 அன்று மேனன் பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்டு, பாதுகாப்பு உற்பத்தி என்ற துண்டு அவருக்கு ஒதுக்கப்பட்டது. நவம்பர் 7 அன்று அதுவும் போனது. அவரை இறக்கியது எதிர்க்கட்சிகளைவிடக் காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சியின் உள்கொதிப்பு. மகாவீர் தியாகி போன்றவர்கள் நேருவின் முகத்துக்கு நேரே சொன்னபோதுதான் அது நடந்தது.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே அவையைக் கூட்ட வேண்டும் என்று வாஜ்பாய் உள்ளிட்டோர் கேட்டார்கள். நேரு ஒப்புக்கொண்டார். நவம்பர் 8 அன்று கூடிய மக்களவையில் 165 உறுப்பினர்கள் பேசினார்கள். ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனை சுயேச்சை உறுப்பினர் எல். எம். சிங்வியிடமிருந்து வந்தபோது, மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நேரு அதை மறுத்தார். இந்த ஒன்றுக்காக அவரைப் பாராட்டாமல் இருக்க முடியாது. இன்று எல்லையில் ஒரு மோதல் நடந்தால் அதை விவாதிக்க அவையில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதன்பின் பணம் பெருகியது. மொரார்ஜி தேசாய் 1963-64க்குப் பாதுகாப்புக்கு 867 கோடி ரூபாய் ஒதுக்கினார். போருக்கு முந்தைய ஒதுக்கீட்டைப் போல இரு மடங்குக்கும் மேல். அதே தேசாய்தான். டி. டி. கிருஷ்ணமாச்சாரிக்குப் பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்பு என்று ஒரு துறையே உருவாக்கப்பட்டது. 8.25 லட்சம் பேர் கொண்ட ராணுவம், மலைப்போருக்கென்று தனி டிவிஷன்கள், 45 ஸ்குவாட்ரன் விமானப்படை என்று ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. எதிர்க்கட்சிகளின் வாதம் சாதிக்காததை ஒரு மாதத் தோல்வி சாதித்தது.

1963: தீர்மானம் முன்னே, அறிக்கை பின்னே

அம்ரோஹா இடைத்தேர்தலில் வென்று கிருபளானி மீண்டும் மக்களவைக்கு வந்தார். ஆகஸ்டில் அவர் கொண்டுவந்ததுதான் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். நான்கு நாள் விவாதம். ஆதரவு 62, எதிர்ப்பு 347. தோற்கும் என்று தெரிந்தே கொண்டுவரப்பட்ட தீர்மானம். சீனத் தோல்வியில் தொடங்கிய விவாதத்தை ராம் மனோகர் லோகியா ஏழை இந்தியனின் தினசரி வருமானம் மூன்றணா என்ற பக்கம் இழுத்துச் சென்றார். இன்று அந்த விவாதத்தை நினைவுகூர்பவர்கள் பெரும்பாலும் மூன்றணாவைத்தான் சொல்வார்கள். லோகியாவின் கேள்வி மகத்தானது, சந்தேகமில்லை. ஆனால் 1962 ஏன் நடந்தது என்று அரசை மூலையில் நிறுத்த வேண்டிய அந்த நான்கு நாள் வேறு திசையில் கரைந்தது.

வேடிக்கை என்னவென்றால், தேவையான சரக்கு பத்து நாள் கழித்துத்தான் வந்தது. லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸ், பிரிகேடியர் பி. எஸ். பகத் இருவரும் தயாரித்த விசாரணை அறிக்கை பற்றி, புதிய பாதுகாப்பு அமைச்சர் ஒய். பி. சவாண் செப்டம்பர் 2 அன்று அவையில் ஓர் அறிக்கை படித்தார். மலைப்போருக்கும் சீன உத்திகளுக்கும் ஏற்ற பயிற்சி இல்லை. தளவாடங்களில் ஒட்டுமொத்தப் பற்றாக்குறை, வாகனங்கள் பழையவை. உயர் கட்டளை அமைப்புகளில் குறை. அரசு தெளிவான வழிகாட்டுதல் தர வேண்டும். ஆயுதங்கள் சீனர்களுடையவற்றோடு ஒப்பிடத் தக்கவையே என்றும் சவாண் சொன்னார். அறிக்கையின் முழு வடிவம் மட்டும் ரகசியம். எதிர்க்கட்சிகள் 1959 முதல் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளின் பட்டியல் அது. பயிற்சி, சாலை, ரவை, கட்டளை. மேனன் என்ற ஒற்றைப் பெயருக்குள் அடங்காதவை.

அந்த அறிக்கையின் ஒரு பகுதியை 2014இல் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் இணையத்தில் ஏற்றினார். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பாஜகவின் அருண் ஜேட்லி, இதை எதற்கு இன்னும் மறைக்க வேண்டும் என்று எழுதினார். இரண்டே மாதத்தில் அவரே பாதுகாப்பு அமைச்சர். வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று மாநிலங்களவையில் பதில் வந்தது.

கருவி இல்லாத எதிர்க்கட்சி

கிருபளானி ஏன் ஆளைப் பிடித்தார், தயார்நிலையைப் பிடிக்கவில்லை? அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பது ஒரு பகுதி. ராணுவத்தைப் பற்றி அவையில் எதைக் கேட்டாலும், பொது நலன் கருதிச் சொல்ல இயலாது என்ற ஒரு வரிப் பதில் தயாராக இருந்தது. அந்தச் சுவருக்கு வெளியே நிற்கிறவருக்குக் கிடைப்பது கசிவும் வதந்தியும் மனம் புண்பட்ட அதிகாரிகளின் கிசுகிசுவும். அவற்றில் யார் யாருக்கு வேண்டியவர் என்பது நிறைய இருக்கும், ஒரு டிவிஷனிடம் எத்தனை நாள் ரவை இருக்கிறது என்பது இருக்காது. கிருபளானியின் உரையில் பதவி உயர்வு விவகாரம் அத்தனை கூர்மையாக இருந்ததற்கும் மற்றவை பொதுவாக இருந்ததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

துறையை உள்ளே போய்ப் பார்க்கும் நிலைக்குழு அன்று இல்லை. பொதுக்கணக்குக் குழு இருந்தது, ஆனால் செலவான பணத்தைத்தான் அது தணிக்கை செய்யும். அதன் தலைவர் பதவி எதிர்க்கட்சிக்குப் போகும் மரபும் 1967இல் சுதந்திரா கட்சியின் மினு மசானியிலிருந்துதான் தொடங்குகிறது. பாதுகாப்புக்கென்று நாடாளுமன்ற நிலைக்குழு 1993இல் வந்தது. மூடிய கதவுக்குள் தளபதிகளை அழைத்துக் கணக்குக் கேட்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

அது என்ன செய்ய முடியும் என்பதற்கு 2018 மார்ச் ஓர் எடுத்துக்காட்டு. ராணுவத் துணைத் தளபதி சரத் சந்த் நிலைக்குழு முன் வந்து, கையில் இருக்கும் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை, நவீனமானவை 8 சதவீதம்தான், அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கை எங்கள் நம்பிக்கையைக் குலைத்துவிட்டது என்று சொன்னார். குழு அதை அச்சில் போட்டது. கிருபளானிக்குக் கிடைக்காத எண் அது. எதிர்க்கட்சித் தலைவர்கள் அதன்பின் அதை எடுத்துக்கொண்டு பேச முடிந்தது, அரசும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குழுவின் தலைவர் ஆளும் பாஜகவைச் சேர்ந்த முன்னாள் ராணுவ அதிகாரி பி. சி. கந்தூரி. அந்த ஆண்டு செப்டம்பரில் குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டபோது தலைவர் பதவி கல்ராஜ் மிஸ்ராவுக்குப் போனது.